நம்ம ஊர் வாசிப்பு வட்டத்தில் 'பெத்தவன்' படிக்கலாமா? கேள்வி கேட்க வைக்கும் கதைகள் பற்றி

தகடூர் வாசகன் | சனி, இரவு 9:20

எல்லோருக்கும் வணக்கம். தர்மபுரியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில், அடுத்த மாதத்துக்கு இமையத்தின் 'பெத்தவன்' நெடுங்கதையை எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேர் "வேற எதையாவது படிக்கலாமே" என்றார்கள். ஏன் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நேரில் சொல்லத் தயங்குவதை எழுத்தில் சொல்லலாம் இல்லையா, அதற்காகத்தான் இந்த இழை.

கதை தெரியாதவர்களுக்கு: பழனி என்ற விவசாயியின் மகள் பாக்கியம் ஒரு தலித் இளைஞனைக் காதலிக்கிறாள். ஊர் கூடி, அவளைக் கொன்றுவிட வேண்டும் என்று அப்பனிடமே வாக்கு வாங்குகிறது. அதற்கு அப்புறம் வரும் ஓர் இரவுதான் கதை. எழுதியவர் கடலூர் மாவட்டக்காரர். கதை அச்சில் வந்தது 2012-இல். அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி நம் மாவட்டத்தில், ஒரு தலித் இளைஞனும் வேறு சாதிப் பெண்ணும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதைச் சாக்காக வைத்து, தலித் குடியிருப்புகளான நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றையும் எரித்தார்கள். கதை அதற்கு முந்தியே வந்துவிட்டது. நடந்ததைப் பார்த்து எழுதிய கதை என்று பலர் நினைத்துக்கொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சமூகத்தையும் அரசியலையும் மதத்தையும் கேள்வி கேட்க வைக்கும் கதைகள் நல்லவை என்று எல்லோரும் பேசுகிறோம். அந்தக் கேள்வி நம் ஊரை நோக்கி, நம் உறவுக்காரர்களை நோக்கித் திரும்பும்போது படிக்கத் தயாராக இருக்கிறோமா? உங்களை அப்படி உலுக்கிய கதை எது, எங்கே வைத்துப் படித்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

பாலக்கோடு மணி | சனி, இரவு 10:05

கூட்டத்தில் பேச்சை மாற்றியவர்களில் நானும் ஒருவன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் வட்டத்துக்கு இரண்டு தரப்பிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2012-க்கு அப்புறம் ஒரே பஸ்ஸில் ஏறினாலும் முகம் பார்க்காமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். இப்போதுதான் மாங்காய் சீசனில் ஒருத்தர் தோப்புக்கு இன்னொருத்தர் வேலைக்குப் போகிறார். டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். இது சும்மா வந்ததில்லை. நடுவில் நின்று சமாதானம் பேசி, இரண்டு பக்கமும் திட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரு கதையைப் படித்துவிட்டு யாராவது ஒரு வார்த்தை தப்பாக விட்டால் அதைத் திரும்ப அள்ள முடியுமா? மதுரையிலோ சென்னையிலோ படிக்கட்டும். நம் ஊரில் கொஞ்சம் பொறுக்கலாம் என்பது என் கருத்து.

கயல், அரூர் | சனி, இரவு 11:30

மணி அண்ணா, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் "கொஞ்சம் பொறுக்கலாம்" என்று எங்களிடம் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

நான் அரூர் பக்கம். வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமம் எங்களுக்குத் தூரம் இல்லை. 1992 ஜூன் 20-ஆம் தேதி சந்தனக்கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று மூன்று துறைகளின் ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29-இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023-இல். ஊர்க்காரர்கள் முதலில் வெளியே வந்து சொன்னபோது வெளியாட்களிடம் கேட்ட பதில் என்ன தெரியுமா? "கவர்மெண்டு ஆளுங்க இப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க." படித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழவே பல வருஷம் ஆனது.

கதை என்ன செய்யும் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். இப்படி இருக்காது என்று நாம் கேட்காமலே நம்பிக்கொண்டிருப்பதை அது கேட்க வைக்கும். அதனால் ஊரில் வைத்துத்தான் படிக்க வேண்டும். சென்னைக்காரர்கள் படித்து வருத்தப்பட்டுவிட்டுப் போவார்கள். கதையில் பஞ்சாயத்துப் பேசுகிறவர்களின் சொந்தக்காரர்கள் இங்கேதானே இருக்கிறார்கள்?

'பெத்தவன்' மேல் எனக்கும் வேறு குறை உண்டு. அதை அப்புறம் எழுதுகிறேன்.

ஓசூர் ஷிப்ட்காரன் | ஞாயிறு, காலை 7:10

இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது முழு இழையையும் படித்தேன். ஒரு சந்தேகம். கயல் சொன்ன தேதிகளும் எண்ணிக்கையும் எனக்குக் கதையை விடக் கோபத்தை வரவழைத்தன. தீர்ப்பு இருக்கிறது, உண்மையறியும் குழுக்களின் அறிக்கை இருக்கிறது. அப்புறம் கற்பனை எதற்கு? கதையில் எழுதுகிறவர் யாரை வேண்டுமானாலும் நல்லவனாக்கலாம், கெட்டவனாக்கலாம். படித்து மனசு மாறினேன் என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தகடூர் வாசகன் | ஞாயிறு, காலை 10:45

நல்ல கேள்வி தம்பி. அறிக்கை படிக்கும்போது நான் எப்போதும் சரியான பக்கத்தில்தான் நிற்கிறேன். குற்றம் செய்தவன் ஒருவன், பாதிக்கப்பட்டவர் ஒருவர், படிக்கும் நான் நியாயவான். எனக்கு வலி வரும், கோபம் வரும். ஆனால் என்மேல் எந்தக் கேள்வியும் விழாது.

'பெத்தவன்' கதையின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்க் கூட்டம். ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அதில் ஒருவரும் வெளியிலிருந்து வந்த ரவுடி இல்லை. பழனியோடு உழுதவர்கள், நல்லது கெட்டதுக்குக் கூட நின்றவர்கள், பெண்ணைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். மானம் போச்சு, நாளைக்கு நம் வீட்டுப் பெண்களும் இதையே செய்வார்கள், உன்னால் முடியாவிட்டால் நாங்கள் செய்கிறோம் என்று பேச்சு ஏறிக்கொண்டே போகிறது. படிக்கும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அங்கேதான். அந்தக் குரல்களில் பாதி என் வீட்டுக் கல்யாணப் பந்தியில் கேட்டவை. என் பெரியப்பா பேசுகிற தொனி. நானே எத்தனையோ இடத்தில் எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் எனக்கும் ஒரு இடம் போட்டுவைத்திருக்கிறார் எழுத்தாளர்.

அதே ஊர் இரவில் தூங்கப் போய்விடுகிறது. கொல்லச் சொன்னவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். செய்ய வேண்டியவன் அப்பன் ஒருவன்தான். கௌரவம் எல்லோருக்கும் பொது, கொலை மட்டும் அவன் தலையில். இதை எந்தப் புள்ளிவிவரமும் எனக்குச் சொன்னதில்லை.

மனசு மாறினதுக்குச் சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை. ஆனால் இதைப் படித்த பிறகு பந்தியில் அந்தப் பேச்சு வந்தால் என்னால் சும்மா உட்கார முடிவதில்லை.

ஊத்தங்கரை தமிழய்யா | ஞாயிறு, மதியம் 3:15

பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்க வைக்கும் கதை ஏதோ நாவலோடு வந்த புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரு மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். இந்த வரிசை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் 'பகடை துகில்' இரவு வரும். துரோபதை வேடக்காரர் சபையைப் பார்த்துக் கேட்பார்: தன்னையே தோற்றுவிட்ட மனிதனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மர், துரோணர் என்று அத்தனை பெரியவர்களும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். விடிகாலை மூன்று மணிக்கு, மடியில் பிள்ளை தூங்க, கண் கொட்டாமல் அதைப் பார்க்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டம், அரசு, குடும்பம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் நிறுத்திக் கேட்கும் கேள்வி அது. அதோடு கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் ஒருத்தன் இருக்கிறானே. ராஜா கொலுவுக்கு வரும்போதே அவன் ரேஷன் கடை அரிசியையும் சாராயக் கடையையும் பேச ஆரம்பித்துவிடுவான். முன்வரிசையில் தலைவர் உட்கார்ந்திருந்தாலும் அவனுக்கு அந்த உரிமை உண்டு.

இனி நாவலுக்கு வருகிறேன். கேள்வியைத் திறந்து வைக்கும் கதை உண்டு, விடையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கும் கதையும் உண்டு. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி' இரண்டாவது வகை. கள்ளும் கடனும் ஒரு குடும்பத்தை நொறுக்குகிற கதை. அவர் முதல்வராக இருந்தபோது 1937 அக்டோபர் 1-இல் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில், அதாவது நம் ஊர்களையும் சேர்த்துத்தான். அந்தக் கதையைப் படித்து முடிக்கும்போது குடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அந்தக் குடும்பத்துக்கு ஏன் கடன் வந்தது, கடன் கொடுத்தவனுக்கு அத்தனை பலம் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் நான்தான் தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. அப்படிக் கேட்டால் கதை இடம் கொடுக்கிறது, அதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி திசைமாறிப்போவதும் உண்டு. 1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975-இல் 'குருதிப்புனல்' எழுதினார். சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. பண்ணையாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையைக் காரணமாக வைத்ததை இடதுசாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். எனக்கும் அவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. அரைப்படி நெல் கூலி கூடக் கேட்டதற்கான கொலை அது. அதை ஒரு மனிதனின் உடற்குறைக்குள் அடைத்துவிட்டால் பண்ணை முறை தப்பித்துப் போய்விடுகிறது. ஆனாலும் வெண்மணி என்ற பெயரையே கேட்டிராத என் மாணவர்களை அதைத் தேட வைத்தது அந்த நாவல்தான். இரண்டையும் சேர்த்துத்தான் எடை போடுகிறேன்.

கயல், அரூர் | ஞாயிறு, மாலை 6:00

ஐயா, நீங்கள் எழுதிய கூத்து இரவை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் வேறு இடத்திலிருந்து. எங்கள் பக்கத்து ஊரில் பாரதம் வைத்தால் காலனிக்காரர்கள் களத்துக்குள் வரக் கூடாது. ரோட்டோரம், பந்தல் முடிகிற இடத்துக்கு அப்பால் நிற்கலாம். எங்கள் ஆட்கள் தப்பு அடிக்க மட்டும் உள்ளே போவார்கள். என் அம்மா என்னைத் தோளில் தூக்கி வைத்துத் துகில் காட்சியைக் காட்டினார். கேள்வி காதில் விழுந்தது, முகம் தெரியவில்லை.

சபையில் இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருத்தரும் பேசவில்லையே என்று வருஷா வருஷம் அந்த ஊரே கண்ணீர் விடும். அதே களத்தின் ஓரத்தில் நாங்கள் நிற்பதைப் பற்றி ஒரு வருஷமும் யாரும் பேசியதில்லை. கட்டியங்காரனும் பேசியதில்லை. ராஜாவைக் கேலி செய்ய அவனுக்கு உரிமை கொடுத்தவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதனால்தான் பழைய கதையே எல்லாக் கேள்வியையும் கேட்டுவிட்டது என்று சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. யார் எழுதினார்கள், யாரை உள்ளே உட்கார வைத்துச் சொன்னார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஊத்தங்கரை தமிழய்யா | ஞாயிறு, மாலை 6:40

மகளே, இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் அந்த ஓரத்திலிருந்து கூத்து எப்படித் தெரியும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நீ எழுதியதை அப்படியே ஏற்கிறேன். இதை யாராவது கதையாக எழுத வேண்டும். நீயே எழுது.

பர்கூர் ஜவுளிக்காரர் | ஞாயிறு, இரவு 9:30

மதம் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988-இல் வந்தது. ஊர் முதலாளி ஒருவர், அவர் சொல்லே சட்டம், பள்ளிவாசல் நிர்வாகமும் அவர் கைக்குள். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்தால் மார்க்கம் கெட்டுவிடும் என்று ஊரைப் பயமுறுத்துகிறார்கள். நான் அதைப் படித்தது கல்யாணம் ஆன புதிதில். என் தங்கையின் படிப்பை எட்டாவதோடு நிறுத்தியபோது எங்கள் வீட்டில் சொன்ன காரணமும் கிட்டத்தட்ட அதுதான். தொழுகையை, நோன்பை அந்த நாவல் ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. மார்க்கத்தின் பெயரால் அதிகாரம் செய்கிறவனைத்தான் நிறுத்திக் கேட்கிறது. நம்பிக்கை உள்ளவனாகவே நான் அதைப் படித்தேன், நம்பிக்கை உள்ளவனாகவே என் மகளைக் காலேஜில் சேர்த்தேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாவலை ஒரு நண்பர் இன்னொருவருக்குச் சிபாரிசு செய்தார். என்ன சொல்லி? "அவங்க ஆளுங்க எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னா இதைப் படி." எனக்கு நெஞ்சில் தைத்தது. எங்களை நாங்களே கேட்டுக்கொள்ள எழுதிய கதையை எங்கள்மேல் எறிகிற கல்லாக எடுத்துக்கொண்டார். தன் மதத்தைக் கேள்வி கேட்கும் கதையை அவர் ஒன்றும் படித்தவர் இல்லை. வட்டத்தில் எந்தக் கதையை எடுத்தாலும் முதலில் பேச வேண்டியவர் அந்தக் கதை கேள்வி கேட்கும் தரப்பைச் சேர்ந்தவராக இருக்கட்டும். மற்றவர்கள் அப்புறம் பேசலாம்.

பாலக்கோடு மணி | ஞாயிறு, இரவு 10:20

பாய் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. என் பயமும் அதுதான், சரியாகச் சொல்ல வரவில்லை. 'பெத்தவன்' படித்தால் ஒரு தரப்பைக் கூண்டில் ஏற்றி மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பதாக ஆகிவிடக் கூடாது.

'மாதொருபாகன்' விஷயத்தையும் எடுத்துப் பாருங்கள். 2010-இல் வந்த நாவல், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரித்தார்கள், 2015 ஜனவரியில் எழுதுவதையே நிறுத்துவதாகப் பெருமாள்முருகன் அறிவித்தார். எரித்தது அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் குழந்தையில்லாத பெண்கள் திருவிழா இரவில் முன்பின் தெரியாத ஆணோடு கூடிப் பிள்ளை வரம் பெறும் வழக்கம் இருந்ததாக, அந்த ஊர்ப் பெயரை, கோயிலை, திருவிழாவை அப்படியே வைத்து எழுதியதால் எங்கள் பெண்களைக் கேவலப்படுத்திவிட்டார் என்று உண்மையாகவே மனம் நொந்த சாதாரண ஆட்களும் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு லாரி டிரைவர் அழுதார். அவர் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை என்பீர்கள். சரி, படிக்கவில்லை. அதற்காக அவர் நொந்தது பொய்யாகிவிடுமா?

தகடூர் வாசகன் | ஞாயிறு, இரவு 11:15

பொய்யாகாது மணி. ஆனால் அவரிடம் யாரோ நான்கு பக்கத்தை மட்டும் நகல் எடுத்துக் கொடுத்தார்களே, அவர் நொந்ததற்கு அவர்களும் பொறுப்பு. முழு நாவலையும் படித்தால் அது குழந்தையில்லாத காளி, பொன்னா என்ற தம்பதியை ஊர் எப்படிச் சொல்லாலேயே குத்துகிறது என்பதைப் பற்றிய கதை. விசேஷ வீட்டில் பொன்னாவை ஒதுக்குவது, காளியைக் கேலி பேசுவது, சொத்து யாருக்குப் போகும் என்று பங்காளிகள் கணக்குப் போடுவது. இதெல்லாம் திருச்செங்கோட்டில் மட்டும் நடக்கிறதா? நம் பக்கத்தில் குழந்தை இல்லாத பெண்ணைச் சீமந்தத்துக்கு எப்படிக் கூப்பிடுகிறோம், எங்கே உட்கார வைக்கிறோம்? அந்த டிரைவர் முழுசாகப் படித்திருந்தால் அழுதிருப்பார், ஆனால் வேறு காரணத்துக்காக.

2016 ஜூலை 5-இல் உயர் நீதிமன்றம் நாவலின் பக்கம் நின்றது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள், படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்ற பொருளில் சொல்லி, எழுத்தாளரை மறுபடி எழுதச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வரும் வரைக்கும் ஓர் ஊர் ஒன்றாக உட்கார்ந்து அந்த நாவலைப் படிக்கவே இல்லை. ஒருமுறையாவது படித்திருந்தால் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

காவேரிப்பட்டணம் மாணவி | திங்கள், காலை 6:30

நான் கல்லூரி இரண்டாம் வருஷம். இங்கே எழுதுவது முதல் தடவை. எல்லோரும் பழனியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 'பெத்தவன்' படித்தேன், அழுதேன். ஆனால் பாக்கியம் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. அப்பாவின் வேதனை, ஊரின் கோபம் இரண்டும்தான் கதை முழுக்க. அவள் பெரும்பாலும் அழுகிறாள். என்னோடு பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களில் சிலர் பரீட்சை முடிந்ததும் கல்யாணம் ஆகிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி காதலிக்கக்கூட இல்லை, காதலித்துவிடுவாளோ என்ற பயத்திலேயே கட்டிக் கொடுத்தார்கள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்க வைக்கும் கதையிலும் பெண்ணிடம் கேட்கவில்லை என்றால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பெருமாள்முருகனின் 'பூக்குழி' அப்படி இல்லை. சாதி மாறிக் காதலித்துக் கட்டிக்கொண்ட சரோஜா, குமரேசன் கதை அது. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் அந்தப் பாறைமேல் இருக்கும் வீட்டுக்குச் சரோஜா நடந்து போவதில் தொடங்கி, பெரும்பாலும் அவள் கண் வழியாகவே போகிறது. மாமியார் மாராயியின் வசவு நிற்கவே நிற்காது. சரோஜாவுக்கு அந்த ஊரில் பேச ஆள் இல்லை, குளிக்க மறைவு இல்லை. குமரேசன் சோடா விற்கப் போனால் சாயங்காலம் வரை அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் காத்திருப்பைப் படிக்கும்போது எனக்கு மூச்சு முட்டியது. அதைப் படிக்கலாமே.

கயல், அரூர் | திங்கள், காலை 8:00

தங்கச்சி சரியான இடத்தைத் தொட்டுவிட்டாய். நான் அப்புறம் எழுதுகிறேன் என்று சொன்ன குறைக்கும் இதற்கும் நெருங்கின உறவு.

'பெத்தவன்' படித்துவிட்டு எல்லோரும் அந்த அப்பனை நினைத்து உருகுகிறார்கள். உருக வேண்டியதுதான். ஆனால் 2012-இல் எரிந்தது யார் வீடு? 250-க்கும் மேற்பட்ட வீடுகள். பெங்களூரில் கட்டட வேலை செய்து வாங்கிய பீரோ, டிவி, பைக், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ் ஏறி, வாரம் முழுக்கச் சாரத்தில் நின்று சம்பாதித்தது. எங்கள் ஆட்கள் நன்றாக உடுத்துகிறார்கள், வண்டி வைத்திருக்கிறார்கள் என்ற எரிச்சல் அந்த நெருப்பில் தெரிந்தது. காதல் ஒரு சாக்கு. கதை காதலையும் அப்பனையும் மட்டும் பேசினால் இந்தக் கேள்வி வெளியிலேயே நின்றுவிடுகிறது, கூத்துக் களத்துக்கு வெளியே நாங்கள் நின்ற மாதிரி.

'பூக்குழி'யை, 2012 கலவரத்துக்குச் சாக்காக்கப்பட்ட அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை, 2013-இல் இங்கே ரயில் பாதையருகே இறந்து கிடந்த இளவரசனுக்குத்தான் பெருமாள்முருகன் காணிக்கையாக்கியிருக்கிறார். அதனாலேயே எனக்கு அந்தப் புத்தகம் நெருக்கம். ஆனால் அதிலும் சாதிப் பெயர் எங்கேயும் வராது. பெயர் வராததால் எந்த ஊர்க்காரனும் தன் ஊராகப் படிக்கலாம் என்று ஒரு தோழர் சொன்னார். அதே காரணத்தால் எந்த ஊர்க்காரனும் இது எங்களைச் சொல்லவில்லை என்று தப்பிக்கவும் முடியும் என்று நான் சொன்னேன். இதுவரை எங்களுக்குள் முடிவாகவில்லை.

ஓசூர் ஷிப்ட்காரன் | திங்கள், மதியம் 1:20

இப்போது கதை எதற்கு என்ற சந்தேகம் எனக்குப் பாதி தீர்ந்துவிட்டது. பாக்கியத்தைப் பற்றி மாணவி கேட்டதை எந்த அறிக்கையை வைத்தும் கேட்டிருக்க முடியாது. மீதிப் பாதி என்னவென்றால், அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற நாவல் எதையும் யாரும் இன்னும் சொல்லவில்லை. ஊர்க்காரர்களைக் கேள்வி கேட்பது ஒன்று, துப்பாக்கி வைத்திருப்பவனைக் கேட்பது இன்னொன்று.

கயல், அரூர் | திங்கள், மதியம் 2:05

ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி'. 2004-இல் வந்தது. எழுதியவர் வழக்கறிஞர். வீரப்பன் பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே வருஷம் அக்டோபரில்தான். ஊரெல்லாம் வீரப்பன் கதையையும் அதிரடிப்படைக் கதையையும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நடுவில் மாட்டிய சோளகர் பழங்குடிகள் என்ன ஆனார்கள் என்று எழுதினார். முதல் பாதியில் காடு, ராகி, தேன், சடங்கு என்று ஒரு வாழ்க்கை விரியும். நீங்கள் அந்த மனிதர்களோடு பழகி முடித்ததும் இரண்டாம் பாதியில் அதிரடிப்படையின் சித்திரவதை முகாம் வரும். சில பக்கங்களை நான் எழுந்து நடந்துவிட்டுத்தான் படித்தேன். எங்கள் பக்கம் வாச்சாத்தியைத் தெரிந்தவர்கள் யாருக்கும் அது கற்பனையாகத் தோன்றாது. உங்கள் மீதிப் பாதிக்கு அதைப் படியுங்கள்.

பாலக்கோடு மணி | திங்கள், இரவு 8:45

இரண்டு நாளாக இதே யோசனை. 'பெத்தவன்' படிக்க நான் வருகிறேன். இரண்டு விஷயம் கேட்கிறேன். பர்கூர் பாய் சொன்ன மாதிரி, அன்று முதலில் எங்கள் தரப்பு ஆட்கள் பேசட்டும். எங்கள் வீட்டுப் பஞ்சாயத்துகளைப் பற்றி நாங்களே சொல்கிறோம். அடுத்தது, போட்டோ எடுத்து முகநூலில் போடக் கூடாது. பேசுகிறவன் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும், நாளைக்கும் அவன் அங்கேதான் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

ஆனால் கயல், காதல் வெறும் சாக்கு என்று நீங்கள் எழுதியதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் அத்தை வீட்டில் ஒரு பெண் போனபோது அந்தக் குடும்பம் எப்படிச் சிதைந்தது என்று பார்த்தவன் நான். பொறாமை இருந்தது, உண்மை. அந்த வலியும் உண்மை. இதைக் கூட்டத்தில் பேசுவேன்.

கயல், அரூர் | திங்கள், இரவு 9:10

பேசுங்கள் அண்ணா. அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது, அவளை அப்புறம் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டார்களா என்று நானும் கேட்பேன். அதையும் சொல்ல வேண்டும். இன்னொன்று, இடம். வழக்கமாகக் கூடுகிற பள்ளி வகுப்பறை வேண்டாம். ஒரு மாதமாவது எங்கள் காலனி சமுதாயக் கூடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் உள்ளே வந்து உட்காருங்கள், டீ நாங்கள் போடுகிறோம்.

தகடூர் வாசகன் | திங்கள், இரவு 10:30

சரி, இப்படிச் செய்வோம். அடுத்த மாதம் 'பூக்குழி'. மாணவி சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கும் சரோஜாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு அடுத்த மாதம் 'பெத்தவன்', கயல் சொன்ன சமுதாயக் கூடத்தில். மணியின் இரண்டு நிபந்தனைகளும் இரண்டு மாதத்துக்கும் பொருந்தும். சாதிப் பெயர் சொல்லாமல் எழுதுவது சரியா என்ற கயலின் சண்டைக்கு முதல் கூட்டத்தில் தனியாக நேரம் ஒதுக்குகிறேன்.

புத்தகம் வாங்க வசதி இல்லாதவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், வட்டத்தின் பிரதிகளைச் சுற்றுக்கு விடுகிறோம். அரூர், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் திரும்ப வேண்டிய பெண்களுக்குக் கடைசி பஸ் பிரச்சினை இருக்கிறது. அதனால் கூட்டத்தை மாலையிலிருந்து காலை 10 மணிக்கு மாற்றுகிறேன். அந்த நேரம் யாருக்காவது ஒத்துவராது என்றால் புதன்கிழமைக்குள் இங்கேயே எழுதிவிடுங்கள்.